அய்யாவின் சந்தனக் கலர் சட்டை

என் அய்யா மதுரைக்கு வடக்கே போனதில்லை. அவருடைய முகம் மட்டும் நான் பெயர்கூடக் கேள்விப்படாத தேசங்களுக்கெல்லாம் போய் வந்தது. சட்டையில்லாமல் போனது. அந்தச் சட்டையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருசமாக நினைப்பேன். நினைத்தவுடன் வேறு ஏதோ அவசர வேலை இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்துபோவேன். இன்றைக்கு வேலை எதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோவில்பட்டியில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தேன். எங்கள் ஊர் அதற்குக் கிழக்கே, புதூர் போகிற பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி நடக்க வேண்டும். அய்யாவுக்கு அங்கே கொஞ்சம் கரிசல் நிலம். கிணறு கிடையாது, மழை பெய்தால் வெள்ளாமை. என்னைவிட நான்கு வயது மூத்த அக்கா புதியம்புத்தூரில் சித்தி வீட்டில் தங்கி, ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மாவும் அய்யாவும் ஆடு நாலும் ரேடியோ ஒன்றும்.

அந்த ரேடியோவில்தான் நான் ஆங்கிலம் படித்தேன். சாயங்காலம் சிற்றலையில் முள்ளை மெதுவாக நகர்த்தினால் இரைச்சலுக்கு நடுவில் வெளிநாட்டுச் செய்தி வரும். அந்தக் குரலில் ஒரு நிதானம் இருந்தது. யாருக்கும் பயப்படாத, யாரையும் கெஞ்சாத நிதானம். உள்ளூர் செய்தியில் மந்திரி பாலம் திறந்தார் என்றால் நம்ப மாட்டேன். அந்தக் குரல் சொன்னால் எனக்கு வேதவாக்கு. எங்கள் தெருவில் இரண்டு பேர் வரப்புத் தகராறில் முட்டிக்கொண்டால்கூட, அந்தக் குரல் வந்து யார் பக்கம் நியாயம் என்று சொன்னால் தேவலை என்று தோன்றும். அந்த அளவுக்குப் பைத்தியம்.

பிறகு கோவில்பட்டி மாடிகளில் டிஷ் ஆண்டெனாக்கள் முளைத்தன. எங்கள் பேராசிரியர் ஒருவர் வீட்டில் கேபிள் இணைப்பு இருந்தது. இங்கிலீஷ் சானல் பார்க்க எங்களில் இரண்டு மூன்று பேரை அவ்வப்போது கூப்பிடுவார். குரலுக்கு இப்போது படமும் சேர்ந்துவிட்டது. ஏழை நாடுகளைப் பற்றிய படங்கள் நிறைய வரும். எலும்பு துருத்திய ஆண்கள், வெடித்த பூமி, ஈ மொய்க்கிற குழந்தைகள். பார்த்துவிட்டு நாங்கள் ஐயோ பாவம் என்போம். அதில் வருகிற ஜனங்களுக்கும் எங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர்கள் எப்படி இருப்பார்கள், எப்படி நிற்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே மனப்பாடம் ஆகியிருந்தது.

ஒரு சித்திரை மாதம் அந்தப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தொண்டு நிறுவனம் ஒன்றின் மூலமாக வெளிநாட்டு டிவிக்காரர்கள் வந்திருக்கிறார்கள், வறண்ட பகுதி விவசாயிகளைப் படம் எடுக்க வேண்டுமாம், மொழிபெயர்க்க ஆள் கேட்கிறார்கள், நீ போகிறாயா என்றார். நான் காசு கொடுத்துக்கூடப் போயிருப்பேன்.

மூன்று பேர். கேள்வி கேட்கிற ஒரு பெண், வீடியோ எடுப்பவர், போட்டோ எடுக்கிற ஒரு இளைஞன். மதுரையிலிருந்து வாடகைக் கார். வழியில் ஒரு களத்தில் மிளகாய் வத்தல் சிவப்பாகப் பரப்பிக் கிடந்தது. நல்ல விளைச்சல். அதைக் காட்டினேன். அந்தப் பெண், அழகாக இருக்கிறது என்றாள். கார் நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் எங்கள் பக்கத்து நிலங்கள் ஆரம்பித்தன. வெடிப்பு விட்டுக் கிடந்த பூமியைப் பார்த்ததும் வீடியோக்காரர் டிரைவரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார்.

கரிசலைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அது வருசா வருசம் வெடிக்கும். ஐப்பசி மழையில் விதைத்து, பங்குனிக்குள் அறுத்து, வெள்ளாமை வீட்டுக்கு வந்த பிறகு நிலம் சும்மா கிடக்கும். கோடை வெயிலில் கால் நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு விடும். சருகும் ஆட்டுப் புழுக்கையும் அதற்குள் விழும். முதல் மழை அந்த வழியாகத்தான் அடி மண்ணுக்கு இறங்கும். உழாமலே நிலம் தன்னைப் புரட்டிக்கொள்கிற ஏற்பாடு அது. வெடிப்பு சரியாக விடாத வருசத்தில்தான் அய்யாவின் முகம் வாடும். அந்த வருசம் அருமையாக வெடித்திருந்தது.

எங்கள் நிலம் பக்கத்தில்தான் இருக்கிறது, அய்யாவைக் கூப்பிடட்டுமா என்று நான்தான் கேட்டேன். யாரும் கேட்காமலே கேட்டேன். ஆள் சொல்லியனுப்பினேன்.

அரை மணி நேரம் கழித்து அய்யா வந்தார். குளித்துவிட்டு வந்திருந்தார். நெற்றியில் திருநீறு. வெள்ளை வேட்டி. அக்கா தைத்துக் கொடுத்த சந்தனக் கலர் சட்டை. கம்பெனியில் மிஞ்சிய துண்டுத் துணிகளைச் சேர்த்து, ஒட்டுப் போட்டது தெரியாமல் அவள் தைத்த முதல் ஆண் சட்டை அது. பொங்கலுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு கல்யாணத்துக்கு மட்டும் போட்டிருந்தார். மடிப்பு கலையவில்லை. பையில் என்னுடைய பழைய பேனா ஒன்றைக் குத்தியிருந்தார். அவருக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுத வராது. வெளிநாட்டுக்காரர்கள் வந்திருக்கும்போது பை வெறுமனே இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பார் போல.

அந்தப் பெண் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, இவர் எங்காவது விசேஷத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாரா, நாங்கள் தடை செய்துவிட்டோமா என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது, தெரிந்ததாக எனக்குத் தோன்றியது. உடனே எனக்குப் பயம் வந்துவிட்டது. எங்கே காரைத் திருப்பிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்களோ என்று. நான் பேராசிரியர் வீட்டில் பார்த்த படங்களில் எந்த விவசாயியும் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றதில்லை.

“அய்யா, சட்டையக் கழட்டிருங்க” என்றேன்.

“எதுக்குல?”

“டிவிக்கு அப்படித்தான் வேணும்.”

“ஒங்க அக்கா தச்சதுல்லா.”

“கொஞ்ச நேரந்தான். கழட்டுங்க.”

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். அம்மா துணி மடிப்பது போல நாலாக மடித்து என் கையில் வைத்தார். நான் அதை முழங்கையில் போட்டுக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கழற்றிய பிறகுதான், அவர் எவ்வளவு மெலிந்தவர் என்பது எனக்கே தெரிந்தது. உழைக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும். அது பசியால் வந்த மெலிவு இல்லை.

வெடிப்பைக் காட்டி, இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். அய்யாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நிலத்தைப் பற்றி யாரும் அவரிடம் அதுவரை கேள்வி கேட்டதில்லை.

“வெடிச்சாத்தான் நல்லது. இந்தா பாருங்க, இந்த ஆழத்துக்கு எறங்கும். மழத்தண்ணி நேரா அடிக்குப் போயிரும். மேல காஞ்சாலும் அடியில ஈரம் நிக்கும், பருத்தி அதக் குடிச்சிக்கிடும். இந்த வருசம் கம்பும் சோளமும் வீடு கொள்ளாமக் கெடக்கு. அடுத்த வருசமும் குறை வைக்காதுன்னு சொல்லு.”

குனிந்து, வெடிப்புக்குள் கையை விட்டுக் காட்டினார். ஐந்து நிமிடம் பேசியிருப்பார். நான் என்ன மொழிபெயர்த்தேன்? என் ஆங்கிலத்தில் போருக்கு வார்த்தை இருந்தது, பஞ்சத்துக்கு இருந்தது, பணவீக்கம், அகதி, தேர்தல் எல்லாவற்றுக்கும் இருந்தது. எங்கள் மண்ணுக்கு இல்லை. ரேடியோ அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தட்டுத்தடுமாறி நிற்பது கௌரவக் குறைச்சலாக இருந்தது. ‘மழைக்காகக் காத்திருக்கிறோம் என்கிறார்’ என்று சுருக்கமாக, நல்ல உச்சரிப்பில் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் இரக்கத்தோடு தலையாட்டினாள்.

பிறகு அய்யாவைப் பேசாமல் நிற்கச் சொன்னார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நாலா பக்கமும் வெடித்த நிலம், நடுவில் அவர். அந்த இளைஞன் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தான். அய்யா வாயைத் திறக்காமல், கண்ணை மட்டும் லேசாகத் திருப்பி என்னைப் பார்த்தார். ‘போட்டுக்கிடட்டுமா?’ என்று கேட்கிற பார்வை. நான் கையைத் தாழ்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினேன். அவர் பொறுத்தார்.

முடிந்ததும் எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தண்ணீர்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தவர்கள் குழம்பைத் தொடவில்லை, கடலை மிட்டாய் மட்டும் சாப்பிட்டார்கள். அந்தப் பெண் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாள். உள் அறையில் கம்பும் சோளமும் மூட்டை மூட்டையாக உத்தரத்தைத் தொட்டு நின்றன. அய்யா அதைக் காட்டச் சொன்னார். காட்டினேன். உள்ளே வெளிச்சம் போதாது என்று வீடியோக்காரர் சொல்லிவிட்டார்.

சில மாதம் கழித்து, பேராசிரியர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்தப் படம் ஓடியது. அதே நிதானமான குரல், நான் வருசக்கணக்கில் ரேடியோவில் காதைக் கொடுத்துக் கேட்ட மாதிரியான குரல். இந்த மனிதருக்கு அடுத்த வேளை உணவு எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை, இவருடைய நிலம் செத்துவிட்டது என்றது. குரலுக்கு அடியில், மங்கலாக, அய்யா தமிழில் பேசுவது கேட்டது. ‘வெடிச்சாத்தான் நல்லது’ என்கிறார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் கேட்கும். யார் கேட்கப்போகிறார்கள்?

பேராசிரியர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க விருப்பமில்லை. அடுத்த நொடியில் அது போய்விட்டது. பஸ்ஸில் வரும்போது, எப்படியும் இங்கிலீஷ் சானல்தானே, நம் ஊரில் யார் பார்க்கிறார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த கோடையில் அதே காட்சி தமிழ் செய்தியில் வந்தது. அங்கிருந்து வாங்கி இங்கே போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரைப் பற்றிய செய்தி, எட்டாயிரம் மைல் சுற்றிக்கொண்டு, எங்கள் ஊர் டீக்கடை டிவிக்கு வந்து சேர்ந்தது. அய்யா அப்போது அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். ‘பட்டினியில் வாடும் விவசாயிகள்’ என்று தமிழிலேயே சொன்னார்கள். கடையில் இருந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருத்தர் சிரித்தார்.

“அண்ணாச்சி, இதுக்கு எம்புட்டுக் குடுத்தாங்க? நல்லா வேசம் கட்டியிருக்கீங்களே.”

டீக்கடைக்காரர் அவரை அதட்டினார். அய்யா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் யாரிடமும் கை நீட்டியவர் இல்லை. பக்கத்து வீட்டில் உப்பு வாங்கினால்கூட மறுநாளே திருப்பிக் கொடுக்கச் சொல்கிற ஆள். வீடு வரைக்கும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வாசலில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நான் பேசுனத ஏம்ல அவிய சொல்லல?”

அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்குப் போகவில்லை.

அப்போது அக்காவுக்குக் கயத்தாறில் ஒரு சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மெயின் ரோட்டில் லாரி சாமான் கடை வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள். அதில்தான் கஷ்டமே. டிவியில் பார்த்த மறு வாரம் மாப்பிள்ளையின் அப்பா ஒரு மினி லாரியில் வந்து இறங்கினார். லாரியில் இரண்டு மூட்டை அரிசி இருந்தது.

“நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணாச்சி. கல்யாணச் செலவு பூரா எங்க பொறுப்பு. இவ்வளவு கஷ்டத்த வச்சிக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலியே நீங்க” என்று அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

அய்யா கையை விடுவித்துக்கொண்டு, அவரை உள் அறைக்குக் கூட்டிப்போனார். மூட்டைகளைக் காட்டினார். ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, கம்பை அள்ளி அவர் முன்னால் நீட்டினார். அந்த மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. அப்படியானால் டிவியில் ஏன் அப்படி நின்றீர்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். மரியாதைக்காரர், கேட்கவில்லை. அரிசி மூட்டைகளோடு லாரி திரும்பிப் போனது. இனாமாகப் பெண் எடுக்கிற பேச்சுப் பேசிய வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப முடியாது என்று அய்யா சொல்லிவிட்டார். அவர்களும், பஞ்சம் என்று பொய் சொல்லிப் படத்துக்கு நின்ற குடும்பமோ என்று யோசித்திருப்பார்கள். அதற்குப் பிறகு ஆள் வரவில்லை.

அக்கா அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டபடி, “நாந் தச்ச சட்டயப் போட்டு நின்னிருக்கலாம்லா அய்யா” என்று மட்டும் கேட்டாள். நான் பூமிக்குள் போய்விடலாமா என்று நின்றேன்.

“அந்த வெள்ளக்காரி கழட்டச் சொல்லியிருக்கா. அவ வெளங்குவாளா?” என்றாள் அம்மா.

அன்று அம்மா அப்படி ஆரம்பித்தாள். பிறகு எப்போது பேச்சு வந்தாலும் வெள்ளைக்காரிக்குத்தான் வசவு. நான் மறுக்கவே இல்லை. அந்தப் பெண் எந்த ஊரிலோ நன்றாக இருக்கட்டும், செய்யாத தப்புக்கு எங்கள் வீட்டில் பத்து வருசம் திட்டு வாங்கியிருக்கிறாள். அய்யாவும் மறுக்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். அவருக்கு மறந்துபோயிருக்கும் என்று நான் வசதியாக நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு இரண்டு வருசம் கழித்து அந்தக் கம்பெனியிலேயே துணி வெட்டுகிற ஒருவரோடு கல்யாணம் ஆனது. போட்டோக்காரர் குடும்பத்தோடு நிற்கக் கூப்பிட்டபோது அய்யாவைக் காணவில்லை. பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றார். வந்து நில்லுங்கள் என்றால், இந்தா வாரேன் என்பார், வர மாட்டார். அக்கா பிள்ளைக்குக் காது குத்தியபோதும் அதே கதை. கேமராவைக் கண்டால் ஆள் நழுவிவிடுவார். சந்தனக் கலர் சட்டையை அவர் அதற்குப் பிறகு போடவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் நாலு மடிப்பாகவே கிடந்தது.

நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் ஆனேன். ரேடியோ கேட்பதை விட்டுவிட்டேன். ஆனால் கோடைக்குக் கோடை ஏதாவது ஒரு சானலில் அய்யா வந்துவிடுவார். ஒரு தடவை புவி வெப்பம் பற்றிய நிகழ்ச்சி. ஒரு தடவை ஆப்பிரிக்காவில் பஞ்சம் என்கிற செய்திக்கு நடுவில், இரண்டு நொடி, எங்கள் நிலமும் அய்யாவும். அந்த வருசமெல்லாம் எங்களுக்கு நல்ல வெள்ளாமைதான். அது டிவிக்குத் தெரியாது. டிவியில் எங்களுக்கு வருசம் மாறவே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருசம் கழித்து, ஒரு மார்கழிக் காலையில் அய்யா இறந்துபோனார். நெஞ்சு வலி என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து, மாலை போட்டு வைக்கப் படம் தேடினோம். ஒன்றும் இல்லை. வாக்காளர் அட்டையில் கறுப்பாக ஒரு திட்டு. மூக்கு எது, கண் எது என்று தெரியாது. வேறு எங்கும் அவர் இல்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“மூஞ்சி மறந்துருமோன்னு பயமா இருக்குல.”

அவர் முகம் தெளிவாக இருக்கிற இடம் எனக்குத் தெரியும். கோவில்பட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். வெடித்த நிலம், விவசாயி, இந்தியா என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடினேன். நிறைய பேர் வெடித்த நிலத்தில் நின்றார்கள். எல்லோரும் சட்டையில்லாமல்தான் நின்றார்கள். பக்கம் பக்கமாகத் தள்ளிப்போனதில் அய்யா வந்தார். அந்த இளைஞன் எடுத்த போட்டோ. படங்கள் விற்கிற ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பக்கம். கீழே ‘மழை வேண்டி வானத்தைப் பார்க்கும் விவசாயி’ என்று எழுதியிருந்தது. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. இந்தப் படத்தைப் பயன்படுத்த உரிமை வாங்க வேண்டும், பத்திரிகைக்கு ஒரு விலை, டிவிக்கு ஒரு விலை என்று போட்டிருந்தது. மகனுக்கு என்ன விலை என்று போடவில்லை. திருடாமல் இருப்பதற்காக அந்த நிறுவனத்தின் பெயரை அய்யாவின் வெற்று மார்பில் குறுக்காக, மங்கிய வெள்ளை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அந்த இடத்திலேயே அழுதேன். சென்டர்காரர், நெட் போய்விட்டதா சார் என்று கேட்டபடி வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எழுத்தோடு சேர்த்தே படத்தை ஒரு சிடியில் ஏற்றி ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் இது வழக்கமான வேலை. சட்டையில்லாமல் இருக்கிற பெரியவர்களின் படத்துக்குச் சட்டை போட்டுக் கொடுப்பார்கள். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்தார்.

“முகத்த எடுத்துரலாம் சார். எங்கிட்ட சட்ட நெறைய இருக்கு. கோட்டு வேணுமா? டை கட்டி விடட்டுமா?”

“வேண்டாம். அவரு சட்டையே இருக்கு.”

மறுநாள் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். “நீங்களே போட்டு நில்லுங்க சார். ஒங்க தோளும் அவர் தோளும் ஒண்ணா இருக்கு. கழுத்துக்குக் கீழ ஒங்கள எடுத்து ஒட்டிருதேன்.”

போட்டுக்கொண்டேன். மடிப்பில் வேப்பிலை வாசமும் இரும்புப் பெட்டி வாசமும் இருந்தது. ஒவ்வொரு பொத்தானாகப் போட்டேன். பையில் ஒரு பேனாவைக் குத்திக்கொண்டேன். பல்புகளுக்கு முன்னால் நிற்கச் சொன்னார். நின்றேன்.

படம் நன்றாகவே வந்தது. சட்டை மார்பை மூடியதில் அந்த நிறுவனத்தின் எழுத்து போய்விட்டது. சுற்றியிருந்த வெடித்த நிலத்தை அழித்துவிட்டு, வெளிர் நீலத்தில் ஒரு பின்னணி வைத்திருந்தார்.

அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தான் தைத்த காலரை விரலால் தடவினாள். பிறகு அம்மா கேட்டாள்.

“அவிய ஏன் நேராப் பாக்காம இந்தப் பக்கமாப் பாக்காவ? யாரப் பாக்காவ?”

வானத்தைப் பார்க்கிறார் என்றுதான் உலகத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு வருசம் சொல்லாமல் இருந்தவனுக்கு அன்று முடியவில்லை.

“என்னயத்தாம்மா பாக்காவ. சட்டயப் போட்டுக்கிடட்டுமான்னு கேக்காவ. அந்த வெள்ளக்காரி ஒண்ணும் சொல்லலம்மா. நாந்தான் கழட்டச் சொன்னேன்.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும்ல” என்றாள். “அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாவ. பிள்ள சொன்னான், கழட்டுனேன்னாவ. அவன்கிட்டக் கேட்டுராத, வெள்ளக்காரின்னே இருக்கட்டும்னாவ.”

சேலை முந்தியால் கண்ணாடியைத் துடைத்து, படத்தை என் கையில் கொடுத்தாள். ஆணி ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார்கள். நான் ஸ்டூலில் ஏறி மாட்டினேன்.